ஹார்டு டிஸ்க் ஏன் அடம் பிடிக்கிறது?

உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் இடம் போதவில்லை. 3 டெராபைட் கொள்ளளவுள்ள புதிய ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து பொருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறியை இயக்குகிறீர்கள். டிஸ்க் இருப்பதாகவே அது காட்டவில்லை. அல்லது டிஸ்க்கின் பெயரை மட்டும் காட்டி, "இனிஷியலைஸ் செய்யட்டுமா?" என்று கேட்கிறது. "சரி" என்று பொத்தானை அழுத்தினால் பிழைச் செய்தி ஒன்றைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

"டிஸ்க் கெட்டுப்போனது, கடையிலே திருப்பிக் கொடு" என்பார் ஒருவர். "ஃபார்மட் செய், எல்லாம் சரியாகும்" என்பார் இன்னொருவர். இருவரும் அவசரப்படுகிறார்கள். முதல்வர் பேச்சைக் கேட்டால் நல்ல டிஸ்க் ஒன்று திரும்பிப் போகலாம். இரண்டாமவர் பேச்சைக் கேட்டால், பழைய டிஸ்க்காக இருக்கும் பட்சத்தில், அதிலுள்ள குடும்பப் புகைப்படங்கள் அனைத்தும் தொலைந்து போகலாம். ஆகவே, என்ன நடக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

மேசைக் கணிப்பொறிகளில் பொருத்தும் ஹார்டு டிஸ்க்கினுள் சுமார் 95 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு உண்டு. பல டிஸ்க்குகளில் தகடு நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. தகட்டின் விளிம்பு ஒரு சுற்றில் கடக்கும் தூரம் சுமார் 0.3 மீட்டர். ஆகவே விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 36 மீட்டர். மணிக்கு என்று கணக்கிட்டால் சுமார் 129 கிலோமீட்டர்! விரைவு ரயிலின் வேகத்தில் ஓடும் இந்தப் பரப்புக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில், படிக்கும் தலை ஒன்று காற்றில் மிதந்தபடி இருக்கிறது. காந்தப் புலம் மாறும்போது தலையிலுள்ள மெல்லிய படலங்களின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றமே 0, 1 என்ற செய்தியாகப் படிக்கப்படுகிறது. இத்தகைய தலைகளுக்கு வழி திறந்துவிட்ட இராட்சதக் காந்தத்தடை விளைவைக் கண்டறிந்ததற்காகத்தான் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குரூன்பெர்க் ஆகிய இருவருக்கும் 2007ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

தொழிற்சாலையிலேயே தகடுகளின் மேல் வட்டப் பாதைகளும், அவற்றில் "செக்டர்" எனப்படும் சிறு பகுதிகளும் வகுக்கப்பட்டுவிடுகின்றன. ஒவ்வொரு செக்டருக்கும் ஓர் எண் உண்டு. ஊருக்கு வெளியே புதிதாக மனைப்பிரிவு போடுகிறார்கள் அல்லவா? நிலத்தை அளந்து, கல் நட்டு, மனைக்கு எண்ணும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எந்த மனை யாருக்கு என்று எழுதும் பதிவேடு மட்டும் வெறுமையாக இருக்கிறது. புது ஹார்டு டிஸ்க்கின் நிலையும் இதுவே. பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து தலைப்பு எழுதும் வேலைக்குத்தான் "இனிஷியலைஸ்" என்று பெயர். இதைத் தொடக்கப் பதிவு என்று சொல்வோம்.

ஒரு சில செக்டர்களில் எழுதினால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அத்தனை சிறிய வேலைக்கு டிஸ்க் ஏன் மறுக்க வேண்டும்? இங்கேதான் முக்கியமான குறிப்பு இருக்கிறது. டிஸ்க் தன் பெயரைச் சொல்வதற்குப் பல சமயம் அதன் அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையே போதும். தொடக்கப் பதிவு அப்படியல்ல. அதற்கு மோட்டார் சுழல வேண்டும், தலை சரியான பாதையைத் தேடிப் பிடிக்க வேண்டும், கட்டளை பிழையில்லாமல் வந்து சேர வேண்டும், காந்தப் பூச்சில் எழுத்து பதிய வேண்டும். புதிய டிஸ்க்குக்கு நாம் வைக்கும் முதல் எழுத்துத் தேர்வு அது. தேர்வில் தவறினால், எந்தப் படியில் தவறியது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதற்படி: மின்சாரம்

மேசைக் கணிப்பொறி டிஸ்க்குக்கு இரண்டு மின்னழுத்தங்கள் தேவை. மோட்டாருக்கு 12 வோல்ட், மின்சுற்றுக்கு 5 வோல்ட். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எதிர் மின்னியக்கு விசை இராது. ஆகவே 12 வோல்ட் கம்பியில் சுமார் 2 ஆம்பியர் வரை மின்னோட்டம் பாயக்கூடும். அது 24 வாட். வேகம் பிடித்தபின் தேவை மிகவும் குறைந்துவிடும். பவர் சப்ளை தளர்ந்திருந்தால் இந்த முதல் சில நொடிகளில்தான் அதன் பலவீனம் வெளிப்படும்.

கையடக்கமான சிறிய டிஸ்க்குகள் யு.எஸ்.பி. கேபிள் வழியாக வரும் 5 வோல்ட்டிலேயே இயங்குபவை. யு.எஸ்.பி. 2.0 இணைப்பு தரும் மின்னோட்டம் 0.5 ஆம்பியர், யு.எஸ்.பி. 3.0 தருவது 0.9 ஆம்பியர். கேபிள் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்து, அதன் மொத்த மின்தடை 0.5 ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி 0.9 ஆம்பியர் பாயும்போது 0.45 வோல்ட் கேபிளிலேயே வீணாகிறது. டிஸ்க்குக்குப் போய்ச் சேர்வது 4.55 வோல்ட்தான்! மோட்டார் கிளம்பும், நிற்கும், மறுபடி கிளம்பும். "டிக், டிக்" என்று ஓசை கேட்கும். பார்ப்பவர் டிஸ்க் பழுது என்பார். குட்டையான, தடித்த கேபிளை மாற்றி, கணிப்பொறியின் துளையிலேயே நேராகச் செருகினால் அதே டிஸ்க் அமைதியாக ஓடக்கூடும்.

இன்னொரு விந்தையும் உண்டு. ஸாட்டா வகை மின் இணைப்பில் 15 பின்கள் இருக்கின்றன. முதல் மூன்று பின்களும் ஆதியில் 3.3 வோல்ட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. பெரும்பாலான டிஸ்க்குகள் அவற்றைப் பயன்படுத்தவில்லை. பிற்காலத் திட்ட அளவில் மூன்றாம் பின்னுக்குப் புதிய வேலை ஒன்று கொடுத்தார்கள். அந்தப் பின்னில் மின்னழுத்தம் இருந்தால் டிஸ்க் அணைந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை வைத்திருக்கும் பெரிய நிலையங்களில், அடம் பிடிக்கும் ஒரு டிஸ்க்கை எட்ட இருந்தே அணைத்து எழுப்ப இந்த ஏற்பாடு. அத்தகைய டிஸ்க் ஒன்றைப் பழைய பவர் சப்ளையில் பொருத்தினால் என்ன ஆகும்? 3.3 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருப்பதால், டிஸ்க் கண்ணே திறக்காது. இங்கே டிஸ்க்கும் நல்லது, பவர் சப்ளையும் நல்லது. இரண்டும் பேசும் பாஷைதான் வேறு! 3.3 வோல்ட் கம்பி இல்லாத தரமான மாற்று இணைப்பைப் பயன்படுத்தினால் டிஸ்க் விழித்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: செய்தி செல்லும் பாதை

ஸாட்டா கேபிளில் நொடிக்கு 600 கோடி பிட்டுகள் வரை பாயலாம். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் காலத்தில் ஒளிகூட 5 சென்டிமீட்டர் தூரமே செல்லும். அவ்வளவு விரைவான துடிப்புகளுக்கு, சற்றே தளர்ந்த இணைப்பும் தூசியும் பெரிய தடைகள். ஒவ்வொரு செய்தித் தொகுப்போடும் ஒரு சரிபார்ப்பு எண் சேர்ந்து வருகிறது. கணக்கு ஒத்துவராவிட்டால் தொகுப்பைத் திரும்ப அனுப்பும்படி கேட்கப்படும். பலமுறை கேட்டும் பயனில்லையென்றால் கணிப்பொறி கைவிட்டுவிடும்.

எது குற்றவாளி என்று கண்டுபிடிப்பது எப்படி? ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்ற விதிதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. டிஸ்க்கையும் கேபிளையும் துளையையும் ஒரே நேரத்தில் மாற்றினால் காரணம் புலப்படாது. முதலில் கேபிளை மாற்றுங்கள். பிறகு மதர்போர்டில் வேறு துளையில் செருகுங்கள். அதன்பின் நன்றாக இயங்கும் வேறொரு கணிப்பொறியில் இதே டிஸ்க்கைப் பொருத்திப் பாருங்கள். சந்தேகப்படும் கேபிளில் நல்ல டிஸ்க் ஒன்றையும் இணைத்துப் பாருங்கள். குறை டிஸ்க்கோடு போகிறதா, கேபிளோடு போகிறதா என்பது தெளிவாகிவிடும். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டே கை வைக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாம் படி: முகவரிக் கணக்கு

1983ஆம் ஆண்டு வெளிவந்த டாஸ் 2.0 இயக்க முறையுடன் ஒரு பதிவேட்டு முறை வந்தது. அதற்கு எம்.பி.ஆர். என்று பெயர். டிஸ்க்கின் முதல் செக்டரில் 512 பைட்டுகள். அதில் 446 பைட்டுகள் சிறு நிரலுக்கு, 64 பைட்டுகள் நான்கு பகுதிகளின் அட்டவணைக்கு. கடைசி 2 பைட்டுகளில் 85, 170 என்ற எண்கள் முத்திரையாக இருக்கும். இரும எண்ணில் எழுதினால் 01010101, 10101010. முத்திரை இல்லையென்றால் "இங்கே பதிவேடு இல்லை" என்று கணிப்பொறி முடிவு செய்கிறது.

இந்த அட்டவணையில் ஒரு பகுதியின் தொடக்கத்துக்கும் அளவுக்கும் தலா 32 பிட் இடமே உண்டு. 2ஐ 32 முறை பெருக்கினால் 4,294,967,296. செக்டருக்கு 512 பைட் வீதம் பெருக்கினால் சுமார் 2.2 டெராபைட். அதற்கு மேற்பட்ட நிலத்துக்கு இந்தப் பதிவேட்டில் எண் எழுதவே இடமில்லை! ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதல் டிஸ்க் கருவி, 24 அங்குலத் தகடுகள் ஐம்பதைக் கொண்டும் சுமார் 50 லட்சம் எழுத்துகளையே தாங்கியது. 1983இல் 10 மெகாபைட் டிஸ்க்கே பெரிது. ஆகவே 32 பிட் போதாமல் போகும் என்ற கவலை அன்று எழ நியாயமில்லை.

இன்றைய பெரிய டிஸ்க்குகளுக்கு ஜி.பி.டி. என்ற பதிவேடு உண்டு. அதில் முகவரிக்கு 64 பிட் இடம். மேலும், பதிவேட்டின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் பாதுகாக்கப்படுகிறது. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யும்போது ஜி.பி.டி. முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, 3 டெராபைட் டிஸ்க்கை 32 பிட் மட்டுமே எண்ணத் தெரிந்த பழைய யு.எஸ்.பி. பெட்டியில் போட்டால்? டிஸ்க்கிலுள்ள செக்டர்கள் 5,860,533,168. இதிலிருந்து 4,294,967,296ஐக் கழித்தால் மீதி 1,565,565,872. கடிகாரம் 12ஐத் தாண்டியதும் மறுபடி 1 என்று தொடங்குவதுபோல், பெட்டியும் மீதியை மட்டுமே காண்கிறது. கணிப்பொறியின் கணக்கில் அது 746 ஜிகாபைட். 3 டெராபைட் டிஸ்க் 746 என்று காட்டினால், டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், பெட்டியை மாற்றுங்கள்.

நான்காம் படி: டிஸ்க்கே பழுதா?

மின்சாரம், கேபிள், முகவரி மூன்றும் சரியாக இருந்தும், வேறு கணிப்பொறியிலும் அதே பிழை வந்தால்தான் டிஸ்க் மீது சந்தேகம் உறுதிப்படுகிறது. ஒரே சீராகத் திரும்பத் திரும்பக் "கிளிக்" ஓசை வருவது, தலை தன் பாதையைத் தேடித் தவிப்பதன் அடையாளம். கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டுவதும் கெட்ட சகுனமே. டிஸ்க் தன் உடல்நலக் குறிப்பை ஸ்மார்ட் என்ற பெயரில் தானே எழுதி வைக்கிறது. கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை புது டிஸ்க்கில் பூஜ்யமாக இருக்க வேண்டும். அது கூடிக்கொண்டே போனால், உத்தரவாதச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படலாம். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் தலைக்கு, கண்ணுக்குத் தெரியாத தூசியும் ஒரு பாறாங்கல்.

பொத்தானை அழுத்துமுன்

இதுவரை சொன்னதெல்லாம் புதிய டிஸ்க்குக்கு. முன்பு பயன்படுத்திய டிஸ்க்கை மாற்றிப் பொருத்தும்போதும் அதே கேள்வி திரையில் வரலாம். அப்போது உடனே "சரி" என்று அழுத்திவிடக் கூடாது. காரணம் கேளுங்கள். சில யு.எஸ்.பி. பெட்டிகள் செக்டரை 512க்குப் பதிலாக 4096 பைட் என்று கணக்கிட்டுக் கணிப்பொறிக்குச் சொல்கின்றன. ஜி.பி.டி. பதிவேட்டின் தலைப்பு இரண்டாவது செக்டரில் இருக்கும். ஆகவே அந்தப் பெட்டியில் இருந்தபோது அது 4096ஆவது பைட்டில் எழுதப்பட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி நேராக மதர்போர்டில் செருகினால், கணிப்பொறி 512ஆவது பைட்டில் தேடுகிறது. அங்கே ஒன்றுமில்லை! உடனே வெற்று டிஸ்க் என்று எண்ணிவிடுகிறது. நம் புகைப்படங்களோ பத்திரமாகத்தான் இருக்கின்றன. பழைய பெட்டியிலேயே திரும்ப வைத்தால் எல்லாம் தெரியும்.

தவறிப்போய்த் தொடக்கப் பதிவு செய்துவிட்டாலும் கலங்க வேண்டாம். அழிந்தது பதிவேடுதான், மனைகளில் உள்ள வீடுகள் அல்ல. அதன் பிறகு ஃபார்மட் செய்யாமலும், புதிதாக எதையும் எழுதாமலும் டிஸ்க்கைத் தனியே எடுத்து வைத்தால், விஷயம் தெரிந்தவர்கள் தக்க நிரல்களால் பெரும்பாலும் மீட்டுவிட முடியும். எல்லாவற்றிலும் நல்லது, முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்தில் நகல் வைத்திருப்பது. ஜி.பி.டி. பதிவேடே தனக்கொரு நகலைக் கடைசியில் வைத்துக்கொள்ளும்போது, நாம் வைத்துக்கொள்ள வேண்டாமா?

இப்போது உங்களுக்கு இரண்டு கணக்குகள். 1 டெராபைட் என்று விற்கும் டிஸ்க்கைக் கணிப்பொறி 931 ஜிகாபைட் என்று காட்டுவது ஏன்? உற்பத்தியாளர் 1 ஜிகாபைட்டை 100 கோடி பைட் என்கிறார். விண்டோஸ் கணிப்பொறியோ 2இன் 30ஆம் அடுக்கு, அதாவது 1,073,741,824 பைட் என்கிறது. வகுத்துப் பாருங்கள். அடுத்து, 7,814,037,168 செக்டர்கள் கொண்ட 4 டெராபைட் டிஸ்க்கை அந்தப் பழைய 32 பிட் பெட்டியில் போட்டால் எத்தனை ஜிகாபைட் காட்டும்? விடை 1678 என்று வந்தால், முகவரிக் கணக்கு உங்களுக்குக் கைவந்துவிட்டது என்று பொருள்.