திருமணப் பதிவுக்கு வந்த சட்டமும் 'நீங்கள் யார்' என்ற கேள்வியும்

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று யாராவது பேசினால், மாவடிப்பள்ளியிலும் கல்முனையிலும் உடனே எழும் கேள்வி, "இதைச் சொல்ல இவர்கள் யார்?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு வயது 140.

1885இல் முஸ்லிம்களின் திருமணப் பதிவு பற்றிய சட்டமூலம் இலங்கைச் சட்டநிரூபண சபையில் விவாதிக்கப்பட்டது. சபையில் அப்போது முஸ்லிம் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. தமிழ் பேசுவோருக்கான நியமன உறுப்பினராக 1879 முதல் இருந்தவர் பொன்னம்பலம் இராமநாதன். சட்டத்தரணியான அவர் இந்த விவாதத்தில்தான் சோனகர்கள் இனத்தால் தமிழர்கள், மதத்தால் முஸ்லிம்கள் என்ற வாதத்தை முன்வைத்தார். 1888இல் ராயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் அதையே விரிவான கட்டுரையாக வாசித்தார். அடுத்த ஆண்டே முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்து, எம்.சி. அப்துல் ரஹ்மான் உறுப்பினரானார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு எழுதினார். நாம் யார் என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. அது எந்தச் சட்டமூலத்தின்மீது தொடங்கியது என்பதுதான் பலருக்கும் தெரியாது.

அந்தச் சட்டமூலம் 1886ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமானது. அதற்கு முன் நமது திருமணங்களுக்கு இருந்தது 1806ஆம் ஆண்டின் முஹம்மதியச் சட்டக்கோவை. 1929இல் இன்னொரு கட்டளைச் சட்டம் வந்தது. காதி நீதிமன்றங்கள் அதன் வழி வந்தவை. இன்று நடைமுறையில் இருப்பது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம்.

ஆனால் பதிவு என்ற விடயம் இன்னும் அரைகுறைதான். 1951 சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பதியவில்லை என்பதற்காக மட்டும் ஒரு திருமணம் செல்லாமல் போகாது. பதிந்ததால் மட்டும் செல்லுபடியாகவும் மாட்டாது. நிக்காஹ்வின் மார்க்கத் தகுதியைக் காப்பதே இதன் நோக்கம் எனலாம். நடைமுறையில் அது பெண்ணின் தலையில்தான் விடிகிறது. கணவன் மறுத்தால் திருமணம் நடந்ததை அவளே நிரூபிக்க வேண்டும். மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்பதும் அப்படித்தான். கைக்கூலி என்பது மனைவிக்காக மாப்பிள்ளையின் கையில் கொடுக்கப்படும் பணம் அல்லது சொத்து என்று சட்டமே வரையறுக்கிறது. நமது பக்கம் அதை மாப்பிள்ளையின் சொந்தக் காசாகவே பலர் நினைக்கிறார்கள். வீடு பெண்பிள்ளைக்கு என்பது கிழக்கின் வழக்கம் என்பதால் அவளுக்குக் கூரையாவது மிஞ்சும். கைக்கூலிக்கு எழுத்து இல்லாவிட்டால் எதுவும் மிஞ்சாது.

மணமகள் கையொப்பமிடத் தேவையில்லை, வலீ போதும் என்பதும், பெண்கள் காதியாக முடியாது என்பதும் இதே சட்டத்தில் உள்ளவை. 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்தையும் காதியின் அனுமதியோடு பதியலாம். 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அதுவும் இரண்டாகப் பிரிந்து, இரு அறிக்கைகளாக. அதன் பிறகு நடந்த பேச்சில் பாதிக்கு மேல், திருத்தம் கேட்பவர்கள் யாருடைய ஆட்கள் என்பது பற்றியது. 16ஆம் பிரிவைப் பற்றி ஜும்ஆ மேடையில் ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.