பெட்டியில் ஆயிரம் வாட்ஸ். எடை போட்டால் எவ்வளவு?



மளிகை மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறோம். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி பருப்பை அள்ளினால், அது எந்த ஊர் சரக்கு, புதிதா பழையதா என்று சொல்லிவிடுவோம். சங்கக் கூட்டங்களில் "பில் இல்லாமல் வாங்காதீர்கள், எடை பார்க்காமல் இறக்காதீர்கள்" என்று பலமுறை பேசியும் இருக்கிறோம். அப்படிப்பட்ட நாமே சென்ற ஆண்டு ஒரு கார் ஸ்பீக்கர் விஷயத்தில் ஏமாந்து நின்றோம். நம் உறுப்பினர்களில் பலர் இப்போது பழைய பெரிய கார்களை வாங்கி ஓட்டுவதால், நமக்கு நேர்ந்ததை மறைக்காமல் எழுதுகிறோம்.

வண்டியும் பாட்டும்

2013ஆம் ஆண்டு கோவை மில் அதிபர் ஒருவரிடமிருந்து 2005ஆம் ஆண்டு மாடல் சொகுசு ஜீப் ஒன்றை வாங்கினோம். எஸ்.யு.வி. என்று இப்போது சொல்கிறார்களே, அந்த வகை. பதினைந்து ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து இன்றும் ஓட்டி வருகிறோம். மிளகாய்க் கொள்முதலுக்குக் குண்டூர் யார்டுக்குப் போவது இந்த வண்டியில்தான். இரவு ஓட்டத்தில் டிரைவருக்குத் துணை சீர்காழியும் டி.எம்.எஸ்.ஸும்தான். பாட்டு நின்றால் கண் அசரும் என்ற பயம் நமக்கு எப்போதும் உண்டு.

சென்ற புரட்டாசியில் வலது முன்கதவு ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடியது. பின்கதவுகள் இரண்டிலும் "கர் கர்" என்ற சத்தம். பெருநகரம் ஒன்றில் உள்ள பெரிய கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "ஆறு ஸ்பீக்கரும் போச்சு சார். ஆம்ப்ளிபயரும் பழசு. மொத்தமா மாத்தினா எழுபத்தெட்டாயிரம்" என்றார். பேரம் பேசி, முன்கதவுக்கு மட்டும் ஒரு ஜோடி 14,500 ரூபாய் என்று முடித்தோம். பெட்டியின் மேல் பொன்னிறத்தில் "1000 வாட்ஸ்" என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்ததும் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. "பில் போட்டா வரி சேரும், சீட்டு போதுமா?" என்றார். நாமும் போதும் என்று சொல்லிவிட்டோம்.

கடை வாசலில் கதவைத் திறந்து வைத்துப் பாடவிட்டபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நாற்பது கிலோமீட்டர் தாண்டியதும் வலது பக்கம் மறுபடி ஊமையானது. இடது பக்கம் முன்பு இருந்ததைவிடச் சத்தம் குறைவு. கண்ணாடியை இறக்கினால் உள்ளே எதிலோ உரசியது. ஐப்பசி மழையில் இரண்டு நாள் வண்டி நனைந்ததும் கால்மிதி ஊறிப்போனது. இடது ஸ்பீக்கரும் நின்றது. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டால், "தண்ணி பட்டதுக்குக் கேரண்டி கிடையாது. சீட்டுல எங்க கடைப் பேரே இல்லையே சார்" என்று பதில் வந்தது. வாயடைத்துத் திரும்பினோம்.

சவுண்டு சர்வீஸ் தம்பி

நம் ஊரில் கல்யாணம், கோயில் கொடைக்கு மைக் செட் போடும் தம்பி ஒருவர் இருக்கிறார். ஸ்பீக்கருக்குக் காயில் கட்டுவதில் கைதேர்ந்தவர். அவரிடம் வண்டியை விட்டோம். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் செட்டிலேயே சத்தத்தை இடம் வலம், முன் பின் என்று ஒவ்வொரு பக்கமாக ஒதுக்கி, எது பாடுகிறது எது பாடவில்லை என்று குறித்துக்கொண்டார். பிறகு பாட்டை ஓடவிட்டு, வலது கதவை மெல்லத் திறந்து மூடினார். கதவு அசைய அசையப் பாட்டு வந்து வந்து போனது.

"ஸ்பீக்கர்ல கோளாறு இல்ல அண்ணாச்சி, ஒயர்லதான்" என்றார். கதவுக் கீல் பக்கம் ஒரு ரப்பர் குழாய்க்குள் ஒயர்கள் போகின்றன. இருபது வருடம் கதவைத் திறந்து மூடியதில் உள்ளே ஒரு ஒயர் முறிந்திருந்தது. அதைப் பற்றவைத்து உறை போட்டார்.

கழற்றிய பழைய ஸ்பீக்கர்களை நல்லவேளையாக ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தோம். டார்ச் லைட் பாட்டரி ஒன்றை எடுத்து இரு முனையிலும் தொட்டார். "தட்" என்று அடித்துக் காகிதக் கோன் முன்னால் வந்தது. காயிலுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தமாம். பின்கதவு ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பார்த்தால், கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் தொட்டதும் கருப்பட்டித் தூளாக உதிர்ந்தது. "கர் கர்" சத்தம் வந்தது அதனால்தான். சென்னை ரிச்சி தெருவிலிருந்து அளவான வளையம் வரவழைத்து ஒட்டினார். முன்கதவில் பழைய ஸ்பீக்கர்களையே திரும்பப் போட்டார். மொத்தக் கூலியும் பொருளும் சேர்த்து 3,200 ரூபாய்.

"புதுசாவே போட்டுடேன் தம்பி, காசைப் பத்தி என்ன?" என்று கேட்டோம். "எனக்கும் சரக்கு விக்க ஆசைதான் அண்ணாச்சி. ஆனா நல்லா இருக்கிறதைக் கழட்டச் சொல்லி எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

வாட்ஸ் என்னும் சாக்கு எடை

வேலை நடந்த இரண்டு நாளும் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டோம். கேட்கக் கேட்க, இதுவும் நம் தராசு விவகாரம்தான் என்று புரிந்தது.

பெட்டியில் பெரிதாக அச்சிடுவது உச்ச வாட்ஸ். கண் இமைக்கும் நேரம் தாங்கக்கூடியது என்று கம்பெனி சொல்லும் கணக்கு. டேப்ரெக்கார்டர் காலத்தில் இதையே பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். தொடர்ந்து பாடும்போது தாங்கும் வாட்ஸுக்கு ஆர்.எம்.எஸ். என்று பெயர். அது பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். நாம் வாங்கிய "1000 வாட்ஸ்" பெட்டியின் பின்னால் இருந்தது 60. முன்னால் இருப்பது சாக்கோடு சேர்ந்த எடை. பின்னால் இருப்பதுதான் நிகர எடை.

செட்டின் கணக்கும் அப்படித்தான். பல கார் செட்களில் "50 வாட்ஸ், நான்கு ஸ்பீக்கருக்கு" என்று போட்டிருக்கும். வண்டி ஓடும்போது மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம்ஸ். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 52 வாட்ஸ் வரும். அந்த 50 இங்கிருந்துதான் வருகிறது. பாட்டு கரகரவென்று சிதைந்து போகும் நிலையில்தான் அதற்குப் பக்கத்தில் போக முடியும். சுத்தமான பாட்டுக்கு அதில் பாதி, 26 வாட்ஸ் என்பதே கணக்குப்படி எல்லை. நடைமுறையில் கிடைப்பது 18 முதல் 20 வாட்ஸ். இருபது வாட்ஸ் தரும் செட்டில் ஆயிரம் வாட்ஸ் ஸ்பீக்கரைப் போட்டு யாருக்கு என்ன லாபம்?

வாட்ஸைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது டெசிபல் கணக்கில் தரும் உணர்திறன். ஒரு ஸ்பீக்கர் 87 டெசிபல், இன்னொன்று 90 டெசிபல் என்றால், பின்னது பாதி மின்சாரத்திலேயே அதே சத்தத்தைத் தந்துவிடும். தனி ஆம்ப்ளிபயர் இல்லாத வண்டிக்கு இந்த எண்தான் பெரிது.

சேர்மானம் கெடக் கூடாது

சொகுசு வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் பலவற்றில் சீட்டுக்கு அடியிலோ பின்புறப் பக்கச் சுவரிலோ தனி ஆம்ப்ளிபயர் வைத்து, அதற்கென்றே ஸ்பீக்கர்களைச் செய்திருப்பார்கள். இந்த முறையில் முன்னோடி அமர் போஸ். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒருவரின் மகன் அவர். 1964இல் கம்பெனி தொடங்கி, 1983ஆம் ஆண்டு மாடல் காடிலாக் உள்ளிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு, அந்தந்த காரின் உள்ளமைப்பை அளந்து ஆம்ப்ளிபயரையும் ஸ்பீக்கரையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்து கொடுத்தார். பிறகு மற்ற கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன.

இது மசாலாச் சேர்மானம் மாதிரி. மல்லியை மட்டும் மாற்றிவிட்டு அதே ருசி வேண்டும் என்றால் நடக்காது. நம் வண்டியின் பழைய ஸ்பீக்கர் 2 ஓம்ஸ். கடைக்காரர் போட்டது 4 ஓம்ஸ். ஓம்ஸ் இரட்டிப்பானால் அதே ஆம்ப்ளிபயரிலிருந்து இழுக்கும் மின்சாரம் பாதியாகிவிடும். சத்தம் குறைந்தது அதனால்தான். நேர்மாறாக, 4 ஓம்ஸுக்கான ஆம்ப்ளிபயரில் 2 ஓம்ஸ் மாட்டினால் அது சூடேறிப் போய்விடலாம். அசல் ஸ்பீக்கர் எத்தனை ஓம்ஸ் என்று காந்தத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்த பிறகே புதிது வாங்க வேண்டும்.

வேலைக்கு விடும்போது கவனிக்க வேண்டியவை

1. முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். ஒயர், இணைப்பு, கதவுக் கீல் இவற்றைச் சோதித்த பிறகே ஸ்பீக்கருக்கு வர வேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மூன்று, மூன்றரை என்று காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் போயிருக்கிறது.

2. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியில் பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, சில நிமிடம் விட்ட பிறகே கதவில் கை வைக்க வேண்டும். மஞ்சள் உறை போட்ட ஒயரைத் தொடவே கூடாது.

3. பழைய வண்டியில் டோர் பேடைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் காய்ந்து ஒடியும். பத்துக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் வேலை முடிந்த பின் கதவே ஆடிச் சத்தம் போடும்.

4. கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயற்கை. கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கி, கதவின் அடியில் உள்ள துளைகள் வழியே வெளியேறும். அந்த நீர் உள்ளே வராமல் தடுப்பது டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். நம் வண்டியில் அதைக் கிழித்து எறிந்திருந்தார்கள். கால்மிதி நனைந்ததும் ஸ்பீக்கர் செத்ததும் அதனால்தான். தாளைத் திரும்ப ஒட்டினார்களா என்று நின்று பாருங்கள்.

5. காந்தத்தின் ஆழத்தை அளக்க வேண்டும். மாட்டிவிட்டு, டோர் பேடை மூடும் முன் கண்ணாடியை முழுதும் இறக்கிப் பார்க்க வேண்டும். வாய் அளவு பொருந்தாமல் நடுவில் வளையம் வைத்தால் பிளாஸ்டிக்கில் வையுங்கள். மரத்தூள் பலகை ஈரத்தில் ஊறிவிடும்.

6. அசல் ஒயரின் சாக்கெட்டை வெட்ட விடாதீர்கள். பொருந்தும் இணைப்பு தனியாகக் கிடைக்கிறது. பிளஸ், மைனஸ் ஒரு பக்கம் மாறினாலும் கனமான ஓசை காணாமல் போகும்.

7. கழற்றிய பழைய ஸ்பீக்கர்களை வாங்கிக்கொண்டு வாருங்கள். ஃபோம் மட்டும் போயிருந்தால் சில நூறு ரூபாயில் வளையம் மாற்றிவிடலாம். புதிது வாங்குவதானால் ரப்பர் வளையம் உள்ளதாகப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது நீடிக்கும்.

8. கட்டாயம் பில் வாங்குங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை என்று சொல்லப்பட்டிருக்கிறது. பில் இருந்திருந்தால் நாமும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம்.

நம் கடைத் தராசு

14,500 ரூபாய் போனதைவிட வேறொன்று மனதை உறுத்தியது. "பெட்டி மேலே பெரிதாக ஒன்று, பின்னால் பொடியாக ஒன்று எழுதி விற்கிறார்களே" என்று வீட்டில் சொல்லிப் புலம்பியபோது நம் மகன், "நாம வத்தலைச் சாக்கோட எடை போட்டுத்தானேப்பா பில் போடறோம்?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. சில்லறைக் கடைக்காரர்களுக்கு வற்றலைச் சாக்கோடு நிறுத்துக் கொடுப்பது நம் தகப்பனார் காலத்து வழக்கம். எல்லோரும் செய்கிறார்கள், வாங்குபவர்களுக்கும் தெரியும் என்று சமாதானம் சொல்லி வந்தோம். நம்மை ஏமாற்றிய கடைக்காரரும் அவர் மனதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்தத் தை முதல் தேதியிலிருந்து நம் கடையில் சாக்கு எடையைக் கழித்து நிகர எடைக்கே பில் போடுகிறோம். பக்கத்துக் கடைக்காரர் இருவருக்கு இதில் வருத்தம் உண்டு. விலையைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டித்தான் கட்டுப்படியாகிறது. அதனால் இரண்டு வாடிக்கையாளர் விலகியும் போனார்கள். கூட்டிய விலையைப் பலகையில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறோம். விலகியவர்களில் ஒருவர் மாசியில் திரும்பி வந்துவிட்டார்.

மைக் செட் தம்பியின் கடைக்கு இதுவரை நாமே நான்கு வண்டிகளை அனுப்பி வைத்திருக்கிறோம். விளம்பரம் எதுவும் அவர் செய்ததில்லை.

உறுப்பினர்கள் தங்கள் கடையிலும் இந்த நிகர எடை விஷயத்தை யோசித்துப் பார்த்து, அடுத்த பொதுக்குழுவில் கருத்துச் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.