வாக்குத்தத்த ஜெபம்

வாக்குத்தத்த ஜெபம் என்பது, விவிலியத்தில் கடவுள் அளித்ததாகக் கூறப்படும் வாக்குறுதி ஒன்றை எடுத்துரைத்து, அதனை நிறைவேற்றுமாறு வேண்டும் கிறித்தவ இறைவேண்டல் முறை ஆகும். தமிழ்நாட்டில் சீர்திருத்தத் திருச்சபைகளிலும் பெந்தகோஸ்து சபைகளிலும் இம்முறை பரவலாகக் காணப்படுகிறது.

சொல்

"தத்தம்" என்னும் வடசொல் "கொடுக்கப்பட்டது" எனப் பொருள்படும். ஆகவே வாக்குத்தத்தம் என்பது கொடுக்கப்பட்ட வாக்கு ஆகும். சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய தமிழ் விவிலியம் இச்சொல்லை ஆள்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு "வாக்குறுதி" என்கிறது.

விவிலிய முன்மாதிரிகள்

ஆதியாகமம் 32-ஆம் அதிகாரத்தில், அண்ணன் ஏசா 400 பேருடன் வருவதை அறிந்த யாக்கோபு அஞ்சுகிறார். தாம் தகுதியற்றவர் என்று கூறிக் காப்பாற்ற வேண்டுகிறார்; பின்னர், நன்மை செய்வதாகக் கடவுள் முன்பு கூறியதை நினைவூட்டுகிறார். வேண்டியபின் வாளாவிராமல், அண்ணனுக்கு மந்தைகளைப் பரிசாகவும் அனுப்புகிறார். மோசே (யாத்திராகமம் 32), தாவீது (2 சாமுவேல் 7), நெகேமியா (நெகேமியா 1) ஆகியோரின் வேண்டல்களும் இவ்வகையின.

வரலாறு

செருமனியில் பக்திநெறி இயக்கத்தைச் சேர்ந்த போகாட்ஸ்கி, நாள்தோறும் ஒரு வசனத்தைத் தியானிப்பதற்கான நூலை 1718-இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் (1805–1898), 1835-இல் சங்கீதம் 81:10-ஐ வாசித்து, அதன் அடிப்படையில் அனாதை இல்லத்திற்காக 1000 பவுன் வேண்டினார். இல்லம் 1836-இல் தொடங்கியது.

தமிழ்நாட்டில்

திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் 1901 முதல் குழந்தைகளைப் பராமரித்த ஏமி கார்மைக்கேல் (இறப்பு 1951), பொதுமக்களிடம் நன்கொடை கேளாமல் தேவைகளைக் கடவுளிடமே கூறுவது என்னும் கொள்கையைப் பின்பற்றினார்.

இன்று இம்மரபின் பரவலான வடிவம் வாக்குத்தத்த அட்டை ஆகும். டிசம்பர் 31 இரவு நடைபெறும் புத்தாண்டு ஆராதனையில், வசனம் அச்சிட்ட அட்டை ஒன்றை ஒவ்வொருவரும் எடுப்பர். சில சபைகளில் சபை முழுமைக்கும் ஒரே வசனத்தைப் போதகர் அறிவிப்பார். அவ்வசனம் ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரில் இடம்பெறும்.

எல்லைகள்

வசனத்தைச் சூழலிலிருந்து பிரித்து எடுப்பதே இம்முறையின் முதன்மைச் சிக்கல். அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றோருக்கு எழுதப்பட்ட கடிதத்தின் பகுதி. அதற்கு முந்தைய வசனம், மீட்புக்கு 70 ஆண்டுகள் ஆகும் என்கிறது. அக்கடிதத்தைக் கேட்ட முதியோர் பலர் மீட்பைக் காண வாழ்ந்திருக்க இயலாது.

மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில், கோவில் உச்சியிலிருந்து குதிக்குமாறு இயேசுவைத் தூண்டும் சாத்தானும் சங்கீதம் 91-இன் வாக்குறுதியையே மேற்கோள் காட்டுகிறான். கடவுளைச் சோதிக்கலாகாது என்று இயேசு மறுக்கிறார். தம் உபாதை நீங்க மும்முறை வேண்டிய பவுலுக்கு அது நீக்கப்படவில்லை (2 கொரிந்தியர் 12).

வாக்குறுதி என்றாலே உடல்நலமும் செல்வமும்தான் எனக் கொள்ளும் போக்கு "செழிப்பு உபதேசம்" எனக் குறைகூறப்படுகிறது. நோய் தீராதபோது, விசுவாசம் போதவில்லை என்ற பழி நோயாளி மீதே விழுவது இதன் விளைவாகும். யாக்கோபின் வேண்டலோ, உரிமைக் கோரிக்கையாக அன்றி, தகுதியின்மையை ஒப்புக்கொண்ட நினைவூட்டலாக அமைந்துள்ளது.