மூழ்கடித்தால் மட்டும் மீன் பெருகுமா?

2006ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி காலை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள பென்சகோலா கரையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் ஒரிஸ்கனி. நீளம் 270 மீட்டருக்கும் மேல். கொரியப் போரையும் வியட்னாம் போரையும் கண்ட கப்பல் அது. அன்று அதில் ஓர் ஆள்கூட இல்லை.

அடுத்தடுத்து வெடிகள் வெடித்தன. கப்பலின் பின்பகுதி முதலில் தாழ்ந்தது. 37 நிமிடங்களில் முழுக் கப்பலும் கண்ணிலிருந்து மறைந்தது. அதில் முன்பு பணியாற்றிய பலர் சுற்றிலும் படகுகளில் இருந்தபடி அதைப் பார்த்தார்கள்.

இது விபத்து அல்ல. மீன்களும் பவளங்களும் குடியேறட்டும் என்று அமெரிக்கக் கடற்படையே திட்டமிட்டு அதை மூழ்கடித்தது. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ‘கிரேட் பேரியர் ரீஃப்’ பவளத்திட்டை நினைவூட்டும் வகையில், இதற்கு ‘கிரேட் கேரியர் ரீஃப்’ என்று செல்லப் பெயரும் வந்துவிட்டது.

இப்போது அதைவிடப் பெரிய கப்பல் ஒன்றுக்கும் அதே முடிவு குறிக்கப்பட்டிருக்கிறது. 1952இல் அட்லாண்டிக் பெருங்கடலை மிக வேகமாகக் கடந்து சாதனை படைத்த ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ பயணிகள் கப்பலை, செயற்கைப் பாறைத்திட்டாக மாற்றுவதற்காக ஃபுளோரிடாவின் ஒகலூசா வட்டாரம் 2024இல் வாங்கியது.

பழைய கப்பலைக் கடலில் போடுவது குப்பை கொட்டுவது ஆகாதா? ஆகலாம், ஆகாமலும் போகலாம். எந்தக் கப்பல், எந்த இடம், அதற்குப் பிறகு யார் அங்கே மீன் பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

மணலில் எழும் அடுக்குமாடி

கடலடி முழுவதும் பவளமும் பாறையுமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் அதன் பெரும்பகுதி மணலும் சேறும்தான். பவளம், சிப்பி, கடற்பஞ்சு போன்ற உயிரினங்களின் இளம் உயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து அலைகின்றன. ஒட்டிக்கொள்ள ஒரு கெட்டியான பரப்பு கிடைக்காவிட்டால் அவை பிழைப்பதில்லை.

அந்த மணல்வெளியில் ஒரு கப்பல் வந்து அமர்ந்தால், காலி நிலத்தில் அடுக்குமாடி வீடு எழுந்தது போல. முதலில் குடியேறுபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். சில நாள்களிலேயே அவை இரும்பின் மேல் வழவழப்பான படலமாகப் படர்ந்துவிடும். அதன் மேல் பாசி வரும். பின்னர் கொட்டலசு, சிப்பி, கடற்பஞ்சு ஆகியவை ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் தின்ன இறாலும் நண்டும் சிறு மீனும் வரும். சிறு மீனைத் தேடிக் களவாவும் பாரையும் சீலாவும் வந்து சேரும். பவளம் வளர்வதற்கு மட்டும் பல ஆண்டுகள் பிடிக்கும்.

கப்பலின் உயரமும் உதவுகிறது. அடியில் ஓடும் நீரோட்டம் அதன் சுவரில் மோதி மேலெழும்போது, பிளாங்டன் எனப்படும் மிதவை உயிரிகளையும் உடன் கொண்டுவருகிறது. மறுபக்கத்தில் நீர் அமைதியாக இருப்பதால் மீன்கள் அங்கே களைப்பாறலாம். இருட்டறைகளும் ஓட்டைகளும் குஞ்சுகளுக்கு ஒளியிடம் ஆகின்றன.

மூழ்குவதற்கு முன் ஒரு குளியல்

போர்க்கப்பல் என்பது மிதக்கும் தொழிற்சாலை. எரிபொருள், மசகெண்ணெய், ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் கலந்த சாயம் என்று கடலுக்கு ஆகாத பொருள்கள் அதில் ஏராளம். கப்பலைப் பாறைத்திட்டாக்க விரும்புவோர் முதலில் இவற்றை எல்லாம் அகற்ற வேண்டும். நீரில் மிதந்து வெளியேறக்கூடிய பொருள்களைக் கழற்ற வேண்டும். முக்குளிப்பவர்கள் உள்ளே சிக்கிக்கொள்ளாதபடி வழிகளை அகலப்படுத்த வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இதற்கென்றே 2006இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது.

மிகவும் தொல்லை தருவது பி.சி.பி. எனப்படும் ரசாயனம். தீப்பிடிக்காமல் இருப்பதற்காக அந்தக் காலத்தில் மின்கம்பிகளின் உறையில் இதைச் சேர்த்தார்கள். இது நீரில் எளிதில் கரையாது. உயிர்களின் கொழுப்பில் தங்கிவிடும். சிறு உயிரைச் சிறு மீன் தின்ன, சிறு மீனைப் பெரிய மீன் தின்ன, ஒவ்வொரு படியிலும் அதன் அளவு கூடும். கடைசிப் படியில் இருப்பது நம் சாப்பாட்டுத் தட்டு.

ஒரிஸ்கனியைத் தயார்படுத்தி மூழ்கடிக்க ஏறத்தாழ 20 மில்லியன் அமெரிக்க டாலர் செலவானது. அப்படியும் கம்பி உறைகளில் இருந்த பி.சி.பி. முழுவதையும் எடுக்க முடியவில்லை. சுமார் 320 கிலோகிராம் உள்ளேயே இருக்கும் என்று கணக்கிட்டு, அதனால் வரும் ஆபத்தை ஆய்வு செய்த பிறகே அனுமதி தந்தார்கள். மூழ்கடித்த பிறகும் அங்கே பிடிபட்ட மீன்களைச் சோதித்து வந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் சில மீன்களில் பி.சி.பி. எச்சரிக்கை அளவைத் தாண்டியிருந்தது; பின்னர் குறைந்தது. இந்தச் சோதனை நடக்காமல் இருந்திருந்தால், அந்த மீன்களைச் சாப்பிட்டவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இதற்கு நேர்மாறான சம்பவம் 2023 பிப்ரவரியில் நடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் உள்ளே இருந்த ‘சாவ் பாவ்லோ’ என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலை எந்தத் துறைமுகமும் ஏற்காததால், பிரேசில் கடற்படை அதை அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 5,000 மீட்டர் ஆழத்தில் மூழ்கடித்தது. சூரிய ஒளி எட்டாத அந்த ஆழத்தில் பாசி வளராது. மீனவருக்கும் முக்குளிப்பவருக்கும் அதனால் பயனில்லை. அது வெறுமனே கைகழுவிவிட்ட செயல்.

இடம் தவறினால்

கப்பலை மூழ்கடிப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நீர் உள்ளே புகவும் காற்று வெளியேறவும் சரியான இடங்களில் துளையிட வேண்டும். நீர் ஒரு பக்கம் மட்டும் சேர்ந்தால் கப்பல் புரண்டுவிடும்.

2002 மே மாதம் ஃபுளோரிடாவின் கீ லார்கோ அருகே ‘ஸ்பீகல் குரோவ்’ என்ற 155 மீட்டர் நீளக் கப்பலுக்கு அதுதான் நடந்தது. குறித்த நேரத்திற்கு முன்பே மூழ்கத் தொடங்கிய அது, தலைகீழாகக் கவிழ்ந்து, முன்பகுதியை நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பிறகு பெரும்பாடுபட்டு அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2005இல் வீசிய டென்னிஸ் புயல் அதை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான டன் இரும்பையே கடல் நகர்த்துமானால், எடை குறைந்த பொருள்களின் கதி என்ன?

அதே ஃபுளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் அருகே 1970களின் தொடக்கத்தில் சுமார் இரண்டு மில்லியன் பழைய டயர்களைக் கட்டிக் கடலில் போட்டார்கள். மீனுக்கு வீடும் ஆச்சு, குப்பையும் தீர்ந்தது என்று அப்போது மகிழ்ந்தார்கள். ஆனால் கட்டியிருந்த இணைப்புகள் அறுந்தன. டயர்கள் அலையில் உருண்டு, பக்கத்தில் உயிரோடு இருந்த பவளங்களில் மோதின. அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க, பிற்காலத்தில் ராணுவ முக்குளிப்பாளர்களை இறக்க வேண்டியதாயிற்று.

இரும்பே சில இடங்களில் கெடுதல் செய்யும். பசிபிக் பெருங்கடலின் நடுவில் உள்ள பால்மைரா பவளத்தீவில் 1991இல் ஒரு மீன்பிடிக் கப்பல் தரைதட்டியது. அந்தப் பகுதி நீரில் இயல்பாகவே இரும்புச்சத்து மிகக் குறைவு. கப்பல் துருப்பிடித்து இரும்பு கசியத் தொடங்கியதும், பவளத்தின் உறவான ஓர் உயிரினம் கட்டுக்கடங்காமல் பெருகி, உண்மையான பவளங்களை மூடிக் கொன்றது. கப்பலை அகற்றினால்தான் பவளம் தப்பும் என்ற முடிவுக்கு வந்து, 2013இல் அதை வெட்டி எடுத்தார்கள். ஏற்கெனவே நல்ல பவளம் இருக்கும் இடத்தின் அருகே கப்பலைப் போடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெருகியதா, கூடியதா?

மூழ்கிய கப்பலைச் சுற்றி மீன் கூட்டம் மொய்க்கிறது என்றால் மீன்வளம் பெருகிவிட்டது என்று அர்த்தமா? கடல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக விவாதிக்கும் கேள்வி இது.

ஊரில் புதிதாக ஒரு பாசார் மாலாம் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரமே கூட்டம் அலைமோதும். அதனால் ஊரின் மக்கள்தொகை கூடிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். அங்கங்கே இருந்தவர்கள் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மீன்களும் அப்படித்தானா?

சில இடங்களில் உண்மையாகவே பெருகுகின்றன. கலிபோர்னியா கடலில் உள்ள எண்ணெய்க் கிணற்று மேடைகளின் அடிப்பகுதியை ஆராய்ந்தவர்கள், உலகிலேயே மீன் உற்பத்தி மிக அதிகமுள்ள இடங்களில் அவையும் அடங்கும் என்று 2014இல் அறிவித்தார்கள். கடலடியிலிருந்து மேல்மட்டம்வரை நிற்கும் அந்தத் தூண்களில், மிதந்து வரும் இளங்குஞ்சுகள் தங்கி வளர்கின்றன.

ஆனால் எல்லா இடமும் அப்படியல்ல. மெக்சிகோ வளைகுடாவில் நம் ‘ஈக்கான் மேரா’வுக்கு உறவான சிவப்பு மீன்கள் செயற்கைத் திட்டுகளில் ஏராளமாகக் கூடுகின்றன. கூடவே, அந்தக் கடலுக்குச் சொந்தமில்லாத, கண்டதையெல்லாம் விழுங்கும் சிங்கமீனும் இயற்கைத் திட்டுகளைவிடச் செயற்கைத் திட்டுகளில் அதிகமாகக் குடியேறியிருக்கிறது.

இதில் மீனவர்களைத் தொடும் ஆபத்து ஒன்று உண்டு. சிதறிக் கிடந்த மீன்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் பிடிப்பது எளிது. ஜிபிஎஸ் கருவியில் இடத்தைக் குறித்துக்கொண்டு படகுகள் நேராக வந்துவிடும். சில ஆண்டுகள் வலை நிறையும். கடலில் மீன் குறைந்துகொண்டே வந்தாலும், அந்த ஓரிடத்தில் மட்டும் வளம் கொழிப்பது போலத் தோன்றும். உண்மை தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். மீன்பிடிப்புக்குக் கட்டுப்பாடு இல்லாத செயற்கைத் திட்டு, மீனுக்கு வீடாக இல்லாமல் பொறியாக மாறுவது இப்படித்தான்.

நம் கடலில்

மலேசியாவில் இதை ‘துக்குன் தீருவான்’ என்கிறார்கள். மீன்வளத்துறை 1975இல் கெடாவின் புலாவ் தெலூர் அருகே பழைய டயர்களைக் கொண்டு முதல் திட்டை அமைத்தது. பிறகு கான்கிரீட் பக்கம் திரும்பியது. கனமான கான்கிரீட் அமைப்புகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கரையோரம் அத்துமீறி நுழைந்து அடிமட்டத்தையே வாரிச் செல்லும் இழுவைப் படகுகளின் வலை அவற்றில் மாட்டிக் கிழியும். அந்தப் பயத்தில் படகுகள் விலகிப் போனால், சிறு மீனவர்களின் கடல் தப்பும்.

சட்டவிரோதமாக மீன் பிடித்துப் பிடிபட்ட வெளிநாட்டுப் படகுகளையும் நம் அதிகாரிகள் திட்டுகளாக மூழ்கடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் மரப்படகுகள் என்பதால் இரும்புக் கப்பலைப் போல அவை நெடுங்காலம் நிலைப்பதில்லை. கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழுக்கள் அவற்றை விட்டுவைக்காது. தாய்லாந்து வேறு வழியில் போயிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டப்பட்ட ‘சத்தகுட்’ என்ற கடற்படைக் கப்பலை 2011இல் கோ தாவ் தீவருகே மூழ்கடித்தது. முக்குளிக்க வரும் சுற்றுப்பயணிகளுக்கு இப்போது அது ஒரு முக்கிய இடம். பக்கத்தில் உள்ள இயற்கைப் பவளங்களின் மேல் விழும் கூட்டமும் அதனால் ஓரளவு பிரிகிறது.

சிங்கப்பூர் கப்பலையே தேடிப் போகவில்லை. சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்காவில் 2018இல் எட்டு அமைப்புகளை இறக்கினார்கள். மூன்று மாடி உயரம் கொண்ட அவை, மறுபயனீடு செய்த கான்கிரீட்டாலும் கண்ணாடி இழையாலும் பவளத்திற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் சுரண்டி எடுக்க எண்ணெயும் இல்லை, பயப்பட பி.சி.பி.யும் இல்லை.

ஆகவே, “பழைய கப்பலை மூழ்கடித்தோம், மீன்கள் பெருகின” என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கப்பலை யார் சுத்தம் செய்தார்கள், அதில் என்ன மிச்சம் இருக்கிறது? அது இறங்கிய இடத்தில் முன்பு என்ன இருந்தது, மணலா, பவளமா? இப்போது அங்கே மீன் பிடிக்க யாருக்கு அனுமதி, மீன்களை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அது பாறைத்திட்டு. கிடைக்காவிட்டால், கடலுக்கு அடியில் கிடக்கும் ஒரு பழைய கப்பல்.