கூடம் கீழே, கூரை பழையபடி மேலே

நம்ம குன்றத்தூர் சேக்கிழார், பெரியபுராணத்தில் சேரமான் பெருமாளைக் குதிரையில் கயிலைக்கு அனுப்புகிறார். கேரள மரபோ ஒரு சேரமான் பெருமாளைக் கப்பலில் மெக்காவுக்கு அனுப்புகிறது. (ரெண்டு பேரும் ஒரே ஆளா என்று சண்டை வேண்டாம், அது சேர அரசர்களின் பட்டப்பெயர்.) அவர் பெயரில் கொடுங்கல்லூரில் இருப்பதுதான் சேரமான் ஜும்மா மசூதி. கட்டியது 629-இல் என்பது நம்பிக்கை. வரலாற்றாய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை.

பழைய கட்டடம் ஓட்டுக்கூரையோடு கேரள வீடு மாதிரிதான் இருந்தது. கூட்டம் கூடியது, இடம் பத்தவில்லை. 1974-இல் முன்பகுதியை இடித்து விரிவாக்கினார்கள். போகப்போகக் கான்கிரீட், குவிமாடம், மினார் எல்லாம் வந்தன. உள்ளே பழைய பகுதி மட்டும் தப்பியது. வெளியே நின்று பார்த்தால் எந்த ஊர் மசூதி என்றே சொல்ல முடியாது.

சமீபத்தில் முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தில் அந்தக் கான்கிரீட்டை எடுத்துவிட்டுப் பழைய தோற்றத்தையே திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போ கூட்டம் எங்கே தொழும்? தரைக்கு அடியில் பெரிய கூடம்! சிவில் பசங்களுக்குத் தெரியும், கடலோர ஊரில் இது லேசான வேலை இல்லை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். அது கசிவதோடு விடாது, தளத்தையே கீழிருந்து மேலே தூக்கப் பார்க்கும்.