வீட்டுக் கணினி – 9: பீரோவும் லேப்டாப்பும்

சென்னை டோல்கேட்டில் மெட்ரோ பாலத்தைத் தாண்டிக் கடல் பக்கம் இறங்கும் தெருக்களில், வீட்டுக்கு வீடு ஒரு தகரப்பெட்டி இருந்த காலம் உண்டு. ரேஷன் கார்டு, மார்க் ஷீட், அடகுச் சீட்டு எல்லாம் அதற்குள்தான். பிறகு பீரோ வந்தது. பெட்டியில் இருந்தவை லாக்கருக்குக் குடிபெயர்ந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முழுக்கச் சான்றிதழ்கள் ஊறிப்போய், நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம் நடத்த வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்தது. காகிதத்தை நம்பிப் பயனில்லை என்று எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து லேப்டாப்பில் போட்டுக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

புத்திசாலித்தனமான காரியம்தான். ஆனால் அது யாருடைய லேப்டாப்? 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் மாணவர் கையில்தான் கணினியைக் கொடுத்தது. வீட்டுக்கு வந்த அன்றே அது வீட்டுச் சொத்தாகிவிட்டது. அக்காவின் ப்ராஜெக்ட், தம்பியின் விளையாட்டு, அப்பாவின் பி.எஃப். கணக்கு எல்லாம் ஒரே திரையில், ஒரே பயனர் கணக்கில்.

போன மாதம் எங்கள் தெருவில் ஓர் அக்கா, லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று கூப்பிட்டார். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். ஆதார் மட்டும் பதினோரு பிரதி. அதே கோப்பு, பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு. பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், கணவரின் ஸ்கேன் ரிப்போர்ட், நகைக்கடன் ரசீது. நடுவில் ஒரு சினிமாப் பாட்டு.

"இதையெல்லாம் பூட்டி வைக்கணும்க்கா" என்றேன்.

"வூட்ல இருக்கிறது நாலு பேரு. யாருக்குப் பயந்து பூட்டணும் தம்பி?"

நியாயமான கேள்வி. வீட்டில் திருடன் இல்லை. ஆனால் பீரோவைப் போல லேப்டாப் வீட்டிலேயே இருப்பதில்லை. கீல் உடைந்தால் பழுதுபார்க்க ரிச்சி தெருவுக்குப் போகும். சித்தி மகன் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்குவான். பழசாகிவிட்டால் எக்ஸ்சேஞ்சில் போய்விடும். 2008 ஜனவரியில் ஹாங்காங் நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள் இணையமெங்கும் பரவி ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. எந்த ஹேக்கரும் உள்ளே புகவில்லை. பழுதுபார்க்கக் கொடுத்த லேப்டாப்பிலிருந்து ஒரு டெக்னீஷியன் நகல் எடுத்திருந்தார். மறு ஆண்டு நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது.

"பாஸ்வேர்டு போட்டுத்தானே இருக்குது?" என்பார்கள். விண்டோஸ் கேட்கும் அந்தப் பாஸ்வேர்டு வாசல் கேட்டுக்குப் போட்ட கொக்கி மாதிரி. பென் டிரைவில் லினக்ஸ் போட்டு அதிலிருந்து கணினியை எழுப்பினால், என்கிரிப்ஷன் இல்லாத டிஸ்க்கில் இருப்பது முழுவதையும் அப்படியே படித்துவிடலாம். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதும் அப்படித்தான். பழைய ஹார்டு டிஸ்க்கில் அழிவது பெரும்பாலும் கோப்பின் முகவரி மட்டுமே. அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை மீட்டெடுக்க இலவச மென்பொருளே போதும்.

ஆதார் கோப்புக்குத்தான் தனிப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்றால், எனக்குச் சிரிப்பு வருகிறது. பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அடுத்து பிறந்த ஆண்டு. இந்தியாவுக்கே இதே சூத்திரம். பெயரும் பிறந்த ஆண்டும் பக்கத்துக் கோப்பான மார்க் ஷீட்டிலேயே கிடக்கும். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் எச்சரிக்கை விட்டது: கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பயன்படுத்துங்கள், பொதுக் கணினியில் இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழியுங்கள். மக்கள் பதறியதும் இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. சொன்னதில் தவறு ஒன்றுமில்லை என்பதே என் எண்ணம். மறைப்பு ஆதார் இன்றும் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கிறது.

சட்டம் காப்பாற்றாதா? 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது என்று தன் 3ஆவது பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. வாசல்படிக்கு உள்ளே நம் பாடு.

அக்கா வீட்டில் அன்று மூன்று மணி நேரம் ஆயிற்று. பையனுக்குத் தனிக் கணக்கு, அதுவும் அட்மின் உரிமை இல்லாமல். அவன் இறக்கும் 'கிராக்' விளையாட்டுகள்தான், பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளைச் சுருட்டும் மென்பொருளுக்கு நல்ல வாகனம். முழு டிஸ்க்கையும் பூட்டும் பிட்லாக்கர் விண்டோஸ் ப்ரோவில் உண்டு. ஹோமில் சில மாடல்களுக்கு அதன் எளிய வடிவம் வரும். அந்தப் பூட்டின் 48 இலக்க மீட்புச் சாவி பெரும்பாலும் லாகின் செய்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்காரும். அது மகளின் கல்லூரி மெயில் கணக்கு என்றால், படிப்பு முடிந்து மெயில் மூடியதும் சாவியும் போச்சு. இந்த லேப்டாப்பில் இரண்டுமே இல்லை. வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். அது ஒரு கோப்பையே லாக்கராக்கிவிடும். பாஸ்வேர்டு கொடுத்தால் தனி டிரைவாகத் திறக்கும், மூடினால் உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. பத்திரங்கள் எல்லாம் அதற்குள் போயின. அந்தக் கோப்புக்கு பென் டிரைவில் ஒரு நகல். டவுன்லோட்ஸில் பதினோரு ஆதாரும் காலி.

ஒரு சிக்கல் உண்டு. பாஸ்வேர்டை மறந்தால் மென்பொருளை எழுதியவராலும் திறக்க முடியாது. எனவே அக்கா அதை நோட்டுத் தாளில் எழுதி மடித்து, பீரோ லாக்கரில் வைத்தார். லாக்கர் சாவி முருகன் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அது தெருவுக்கே தெரியும் என்று சொன்னேன்.

"பரவால்ல தம்பி. பீரோவ யாரு ரிச்சி தெருவுக்குத் தூக்கினு போவா?" என்றார்.