படமும் பெயரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் செல்வம் கொழிக்கும் நாடு என்பதை யாவரும் அறிவர். வானளாவிய மாளிகைகளும், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பரந்து கிடக்கும் விளைநிலங்களும் அந்நாட்டின் பெயரைக் கேட்ட அளவிலே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயினும், அம்மாளிகைகளை எழுப்பியவர் யாவர்? அவ்வயல்களில் விளைந்ததைப் பறித்தவர் யாவர்? பல நாடுகளிலிருந்து பிழைப்பு நாடி வந்தவரும், அடிமைகளாகக் கொணரப்பட்டவரின் வழிவந்தோரும், அம்மண்ணின் தொல்குடிகளும் சேர்ந்து வாழும் நாடு அது. அவர்களுள் பலர் பட்ட துன்பம் நெடுங்காலம் பிறர் அறியாமலே மறைந்து கிடந்தது. அதனைப் படம் பிடித்தும், உரிய குறிப்புகளுடன் எழுதியும் நாட்டார் கண்முன் வைத்தவர் சிலர் இருந்தனர். கண்டதைக் கண்டவாறு பதிவு செய்யும் இத்தகைய படத்தை ஆவணப்படம் என்பர். அதனால் விளைந்த நன்மை பெரிது. எனினும், படம் எடுத்தவரின் புகழைப் பேசும் நாம், படத்தில் இருந்தவர் என்ன ஆனார் என்று கேட்பதில்லை. அதனையும் ஈண்டுக் கேட்போம்.

இத்துறையில் வழிகாட்டியாய் விளங்கியவர் ஜேக்கப் ரீஸ் என்பவர். அவர் டென்மார்க்கு நாட்டில் 1849-இல் பிறந்தவர். 1870-இல் அமெரிக்கா சென்றார். வேலையின்றி அலைந்து, காவல் நிலையங்களை ஒட்டிய ஏழையர் விடுதிகளிலும் படுத்துறங்கினார். பின்னர் நியூயார்க்கு நகரில் செய்தியாளரானார். அந்நாளில் அந்நகரில் குடியேறிய ஏழை மக்கள் காற்றும் கதிரொளியும் புகாத அடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். அவ்விருளைப் படம் பிடிக்கும் வழி தெரியாமல் திகைத்திருந்த ரீஸ், மக்னீசியத் தூளைக் கொளுத்தினால் நொடிப்பொழுது பேரொளி எழும் என்பதை 1887-இல் அறிந்தார். அவ்வொளியில் எடுத்த படங்களைத் துணைக்கொண்டு அவர் 1890-இல் வெளியிட்ட நூல், நகரத்துச் செல்வரை உலுக்கியது. மல்பெரி வளைவு என்னும் சேரிப்பகுதி இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 1897-இல் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது.

ஆனால் ரீஸ் நள்ளிரவில் ஆட்களோடு சென்று, உறங்குவோர் திடுக்கிட்டு விழிக்கத் தூளைக் கொளுத்திப் படம் எடுத்துச் சென்றதும் உண்டு. ஒருமுறை பார்வையற்றோர் சிலர் வாழ்ந்த அறையில் அவர் கொளுத்திய ஒளி சுவரிலிருந்த தாளிலும் கந்தலிலும் பற்றிக்கொண்டது. அவரே போராடித் தீயை அணைத்தார். சீனரையும் இத்தாலியரையும் யூதரையும் பற்றி அவர் எழுதியவற்றில் அவ்வக் குலத்தாரை மொத்தமாக இழித்துரைக்கும் சொற்களும் இடையிடையே காணப்படுகின்றன. ஏழைகளுக்காகவே எழுதினார் என்பதில் ஐயமில்லை. ஏழைகளோடு கலந்து பேசி எழுதினாரா என்பதே வினா.

அவ்வினாவிற்கு ஓரளவு விடை கண்டவர் லூயிஸ் ஹைன். அவர் பள்ளி ஆசிரியர். மாணாக்கருக்குக் கற்பிக்கும் பொருட்டே நிழற்படக் கருவியைக் கையில் எடுத்தவர். 1900-ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி, 10 முதல் 15 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியருள் ஏறத்தாழ 17½ இலட்சம் பேர் அமெரிக்காவில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தனர். நூல் ஆலை, கண்ணாடித் தொழிற்சாலை, நிலக்கரிச் சுரங்கம், மீன் பதனிடும் கொட்டகை எங்கும் குழந்தைகள்! இக்கொடுமையை ஒழிக்கப் பாடுபட்ட தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவினர் 1908-இல் ஹைனை முழுநேரப் பணிக்கு அழைத்தனர். ஆசிரியப் பணியை விட்டு அவர் புறப்பட்டார்.

ஆலை முதலாளிகள் அவரை எளிதில் உள்ளே விடுவரோ? விவிலிய நூல் விற்பவர் போலவும், அஞ்சலட்டை வணிகர் போலவும், தீத்தடுப்பு மேற்பார்வையாளர் போலவும் அவர் வேடம் பூண்டு நுழைந்தார். குழந்தையின் உயரத்தை அளக்க அளவுகோலை எடுத்தால் வேடம் கலைந்துவிடும். ஆதலால் தம் சட்டையின் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை முன்னரே அளந்து வைத்துக்கொண்டார். அருகில் நிற்கும் குழந்தையின் தலை எந்தப் பொத்தானுக்கு நேராக வருகிறதோ, அதுவே அதன் உயரம்! கையைச் சட்டைப் பைக்குள் விட்டவாறே, அங்கிருந்த தாளில் பெயரையும் வயதையும் கூலியையும் எவரும் அறியாமல் குறித்துக்கொள்வார். தென் கரோலினா மாநிலத்து லாங்காஸ்டர் நகரின் பஞ்சாலையில் 1908-இல் அவர் எடுத்த படம் ஒன்றில், நீண்டு செல்லும் கதிர்களின் வரிசை முன் ஒரு சிறுமி நிற்கிறாள். அவள் உயரம் 48 அங்குலம் என்றும், அரை ஆண்டாக வேலை செய்கிறாள் என்றும் குறிப்பு உரைக்கின்றது. அவள் பெயரும் அதில் உள்ளது. பெனசில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்டன் பகுதியில் 1911-இல் எடுத்த மற்றொரு படத்தில், சரிந்து வரும் நிலக்கரியினின்று கல்லைப் பொறுக்கியெடுக்கும் சிறுவர்கள் கரித்தூள் மண்டிய இருளில் கூனிக் குறுகி அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குப் பின்னால் கோலும் கையுமாய் ஒருவன் நிற்கிறான்.

இத்தகைய படங்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஹைன் எடுத்தார். 1916-இல் நடுவண் அரசு குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. 1918-இல் உயர்நீதிமன்றங்களுக்கெல்லாம் தலைமையான நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. நிலைத்து நின்ற சட்டம் 1938-இல்தான் வந்தது. அதுவும் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் விதித்த காவலை வயலுக்கு விதிக்கவில்லை. இதற்கிடையே முதுமையுற்ற ஹைனின் படங்களை வாங்குவார் இல்லை. தம் வீட்டையும் இழந்து, வறுமையில் அவர் 1940-இல் உயிர் துறந்தார்.

1929-இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி நேர்ந்தது. அதனை அடுத்து நடுப்பகுதி மாநிலங்களில் மழை பொய்த்தது. புழுதிப் புயல் நிலத்தை வாரிச் சென்றது. குடியானவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் பழைய வண்டிகளில் ஏறிக் கலிபோர்னியாவை நோக்கிச் சென்றனர். அவர்கள் நிலையைப் பதிவு செய்ய அரசாங்கமே ஒரு பிரிவை 1935-இல் அமைத்தது. அதன் தலைவர் ராய் ஸ்டிரைக்கர். அவர் அனுப்பிய கலைஞர்கள் சில ஆண்டுகளில் எடுத்துக் குவித்த கறுப்பு வெள்ளை எதிர்ப்படங்கள் ஏறத்தாழ 1,75,000 இன்றும் அந்நாட்டுக் காங்கிரசு நூலகத்தில் உள்ளன.

அக்கலைஞருள் ஒருவர் டொரதியா லாங் என்னும் அம்மையார். இளமையில் இளம்பிள்ளைவாத நோயுற்று, கால் சற்றே ஊனமானவர். செல்வரின் உருவங்களைப் படம் எடுத்து நன்றாகப் பொருளீட்டி வந்தவர், தம் கடைச் சாளரத்துக்கு வெளியே வேலையற்றோர் திரிவதைக் கண்டு மனம் பொறாது தெருவில் இறங்கினார். 1936-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு நாள், மழையில், பணி முடித்து அவர் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நிபோமோ என்னும் ஊர்ப்புறத்தில் பட்டாணி பறிப்போர் தங்குமிடம் என்னும் அறிவிப்பு சாலையோரம் தென்பட்டது. அதைக் கடந்து சென்றார். ஆயினும் மனம் அமைதி கொள்ளவில்லை. இருபது மைல் சென்ற பின் வண்டியைத் திருப்பினார்!

கடுங்குளிரில் பட்டாணிப் பயிர் கருகிவிட்டது, பறிக்க வேலையில்லை, கூலியுமில்லை. கிழிந்த கூடாரம் ஒன்றில் ஒரு தாய் குழந்தைகளுடன் அமர்ந்திருந்தார். வயலில் உறைந்து கிடந்த காய்களையும், பிள்ளைகள் அடித்துக் கொணர்ந்த பறவைகளையும் உண்டு உயிர் வாழ்வதாக அவர் கூறினார் என்று லாங் எழுதுகின்றார். சில படங்கள் எடுத்தார். பத்து நிமிடத்தில் பணி முடிந்தது. இறுதிப் படத்தில், குழந்தைகள் இருவர் முகத்தைத் திருப்பித் தாயின் தோள்களில் சாய்ந்திருக்கின்றனர். கைக்குழந்தை மடியில் உறங்குகிறது. தாயோ கன்னத்தில் கை சேர்த்து எங்கோ தொலைவில் நோக்குகிறார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்னும் பெயரால் உலகம் அறிந்த படம் இதுவே. செய்தித்தாளில் செய்தி வந்ததும், அரசாங்கம் 20,000 பவுண்டு எடையுள்ள உணவுப் பொருள்களை அம்முகாமுக்கு அனுப்பியது. ஆனால் உணவு வந்து சேரும் முன்னரே அத்தாயின் குடும்பம் அவ்விடம் விட்டுப் போய்விட்டது.

லாங் அம்மையார் அத்தாயின் வயது 32 எனக் குறித்துக்கொண்டார். பெயரைக் கேட்கவில்லை. படத்தின் ஓரத்தில் தெரிந்த தாயின் கட்டைவிரல் அழகைக் கெடுப்பதாக எண்ணிப் பின்னர் அதனை மறைக்கவும் செய்தார். சான்றைத் திருத்துவது தகுமோ என்று ஸ்டிரைக்கர் சினந்தார். விரலைப் பற்றி இருவரும் கவலைப்பட்டனர். பெயரைப் பற்றி அப்போது எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவ்வம்மையாரின் மனத் துணிவை மறுப்பதற்கில்லை. 1942-இல், ஜப்பானுடன் போர் மூண்டிருந்த காலத்தில், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேரை அமெரிக்க அரசு வீடு வாசலை விட்டு வெளியேற்றி முகாம்களில் அடைத்தது. அவர்களுள் மூன்றில் இருபங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அவ்வெளியேற்றத்தைப் படமெடுக்க அரசு அமர்த்தியவர் லாங். பெயர்ச்சீட்டுக் கட்டப்பட்டுப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை அவர் எடுத்த விதம், நேர்ந்த அநீதியை எவர்க்கும் விளக்கிவிடும். படைத்துறையினர் அதை உணர்ந்தனர் போலும்; போர் முடியும் வரை அப்படங்களை வெளிவரவொட்டாமல் முடக்கிவைத்தனர்.

அம்முகாம்களுள் ஒன்றாகிய மன்சனாரில் அடைக்கப்பட்டவருள் டோயோ மியாடாகே என்னும் நிழற்படக் கலைஞர் ஒருவர் இருந்தார். நிழற்படக் கருவி வைத்திருத்தல் அங்குக் குற்றம். அவரோ கண்ணாடி வில்லை ஒன்றை மறைத்துக் கொண்டுசென்று, முகாமில் இருந்த தச்சரைக் கொண்டு மரத்தால் பெட்டி செய்வித்துக் கருவி ஆக்கிக்கொண்டார். நடந்ததைப் பிற்காலத்தார் அறியப் பதிந்து வைத்தல் தம் கடமை என்று தம் மகனிடம் கூறினார். இங்கே படம் எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒரே முள்வேலிக்குள் இருந்தனர் என்பது கருதத்தக்கது. அமெரிக்க அரசு 1988-இல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் ஈடு வழங்கியது.

அதே 1942-இல் ஸ்டிரைக்கரிடம் பணிபுரிய வாசிங்டன் நகருக்கு வந்தவர் கார்டன் பார்க்ஸ் என்னும் கறுப்பின இளைஞர். கான்சாஸ் மாநிலத்தில் வறிய குடும்பத்தில் பதினைந்து மக்களுள் இளையவராகப் பிறந்தவர். புகைவண்டியில் உணவு பரிமாறும் வேலை பார்த்தபோது, பயணி ஒருவர் விட்டுச்சென்ற இதழில் குடியானவர் படங்களைக் கண்டு இத்துறைக்கு ஈர்க்கப்பட்டவர். அவர் கையிலிருந்த முதற் கருவி அடகுக்கடையில் வாங்கியது. ஸ்டிரைக்கர் அவரை நோக்கி, கருவியை வைத்துவிட்டு நகரைச் சுற்றிவரச் சொன்னார். துணிக்கடையில் அவருக்குப் பொருள் காட்டவில்லை. உணவகத்தில் பின்வாயிலுக்குப் போகச் சொன்னார்கள். திரையரங்கில் நுழைவு இல்லை. நாட்டின் தலைநகரம் அது!

சினத்தோடு திரும்பிய பார்க்ஸிடம், அலுவலகத்தைப் பெருக்கும் பெண்ணிடம் பேசிப் பார் என்றார் ஸ்டிரைக்கர். அப்பெண்ணின் பெயர் எல்லா வாட்சன். பார்க்ஸ் அவரிடம் வாழ்க்கையைக் கேட்டார். தந்தை வெறிக்கும்பலால் கொல்லப்பட்டதையும், கணவனை இழந்ததையும், சிறிய ஊதியத்தில் பேரக் குழந்தைகளை வளர்ப்பதையும் அவர் கூறினார். தேசியக் கொடியின் முன், ஒரு கையில் துடைப்பமும் மறுபுறம் தரை துடைக்கும் கோலுமாக அவரை நிறுத்தி எடுத்த படம் பெரும்புகழ் பெற்றது. நிறுத்தி எடுத்தது தானே, அது எவ்வாறு சான்றாகும் என்று சிலர் வினவக்கூடும். ஆனால் பார்க்ஸ் அதனோடு நிற்கவில்லை. பல நாள்கள் அவர் பின் சென்று, அவர் வீட்டையும், உணவு உண்ணும் பேரப்பிள்ளைகளையும், அவர் தொழும் கோயிலையும் படமெடுத்தார். கொடியின் முன் நின்ற பெண், பிற படங்களில் பாட்டியாகவும் பக்தையாகவும் காட்சியளிக்கிறார். ரீஸின் ஒளிவெடிப்பில் விழித்த முகங்களுக்கு இவ்வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பின்னர்த் தொலைக்காட்சியும் திரைப்படமும் இப்பணியை ஏற்றுக்கொண்டன. எட்வர்டு மரோ என்னும் செய்தியாளர், நாடு முழுவதும் நன்றி நவிலும் திருநாள் விருந்துண்டு களித்த மறுநாள், 1960 நவம்பர் 25-இல், அவ்வுணவை விளைவித்துத் தந்த வயற்கூலிகளின் வாழ்வைத் தொலைக்காட்சியில் காட்டினார். நிபோமோவின் கூடாரம் கண்டு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தும் அவர்கள் நிலை பெரிதும் மாறியிருக்கவில்லை.

அக்கூடாரத்துத் தாய் யார் என்பது 1978-இல் வெளியாயிற்று. மொடெஸ்டோ நகரத்துச் செய்தியாளர் ஒருவர் அவரைக் கண்டுபிடித்தார். பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது அவர் பெயர். செரோக்கித் தொல்குடி மரபில் 1903-இல் பிறந்தவர். வெள்ளைக் குடியானவரின் துயரத்துக்கு அடையாளமாக அப்படத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போற்றியவர் எவரும் இதை அறிந்திலர். தம் படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்றும், அதனை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் மனம் நொந்து கூறினார். அரசுக்காக எடுத்த படமாதலின் லாங் அம்மையாருக்கும் அதில் உரிமை இல்லை. உணவுக்காக வண்டிச் சக்கரத்தின் பட்டைகளை விற்றதாக லாங் எழுதியது தவறு என்று தாம்சனின் மக்கள் மறுத்தனர். வண்டி பழுதானதால் அன்று அங்கே தங்க நேர்ந்ததே உண்மை என்றனர்.

1983-இல் தாம்சன் நோயுற்றார். மருத்துவச் செலவுக்கு வழியின்றி மக்கள் பொதுமக்களிடம் உதவி வேண்டினர். 35,000 டாலருக்கு மேல் வந்தது. பணத்தோடு கடிதங்களும் வந்தன. அப்படத்தைப் பார்த்துத் தாங்கள் துன்பக் காலத்தைத் தாங்கிக்கொண்டதாகப் பலர் எழுதியிருந்தனர். அதுவரை அப்படத்தைக் குடும்பத்துக்கு வந்த இழுக்காக எண்ணியிருந்த பிள்ளைகள், அக்கடிதங்களைப் படித்த பின்னரே அதனைப் பெருமையாகக் கருதத் தொடங்கினர். அவ்வாண்டு செப்டம்பரில் தாயார் காலமானார். அவருடைய கல்லறையில் முதலில் அவர் பெயர் முழுமையாகப் பொறிக்கப்பட்டுள்ளது. படத்தின் பெயர் அதன் கீழே இருக்கிறது.